ஹைபிரிட் காரோடு ஊர் திரும்பியவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

பணி ஓய்வுக்குப் பின் செட்டிநாட்டுக்கே குடிவந்துவிட்டவர்களும், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் ஒரு காரை நிறுத்தி வைத்திருப்பவர்களும் பழைய ஹைபிரிட் கார்களைப் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்கள்) பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். மாடல் சொல்லாத கேள்விகளுக்கு டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

பெங்களூரிலிருந்து கானாடுகாத்தானுக்கு வந்துவிட்டோம். 2014 மாடல் கேம்ரி ஹைபிரிட், 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஹைபிரிட் வேலை தெரிந்த பட்டறைக்கு மதுரையோ திருச்சியோ, எங்கே போனாலும் 90 கி.மீ. ஆகிறது. "இந்த ஊரில் இதை வைத்துக்கொண்டு சிரமப்படாதே, விற்றுவிடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வைத்திருக்கலாமா?
*கானாடுகாத்தான் வாசகர்*

வைத்திருக்கலாம். ஆனால் முதலில் பெரிய பேட்டரியின் நிலையை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெட்ரோல் கார்களில் அடிக்கடி தொல்லை தரும் சில உறுப்புகள் உங்கள் வண்டியில் இல்லவே இல்லை. ஸ்டார்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஏசி கம்ப்ரஸரும் தண்ணீர் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதால் ஃபேன் பெல்ட்டும் இல்லை. எஞ்சியிருக்கிற பெரிய கேள்வி, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான்.

அது 34 மாட்யூல்கள், அதாவது சிறு பேட்டரிக் கட்டைகள், கொண்டது. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 244.8 வோல்ட். வண்டியின் கம்ப்யூட்டர் இவற்றை இரண்டிரண்டாக 17 தொகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கவனித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கை நீங்களும் பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி துளையில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, போனில் 'டாக்டர் பிரியஸ்' போன்ற டொயோட்டா ஹைபிரிட்களுக்கான செயலியைத் திறந்தால் 17 தொகுதிகளின் வோல்டேஜும் வரிசையாகத் தெரியும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் போனைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது எல்லாத் தொகுதிகளும் 0.2 முதல் 0.3 வோல்ட் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். திருமயம் சாலையில் காலியான இடமாகப் பார்த்து ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறினால் பேட்டரி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்டுக்கு மேல் கீழே விழுகிறது என்றால் அதற்குள் இருக்கும் மாட்யூல் தளர்ந்துவிட்டது. பேட்டரி அளவுக் கோடுகள் சில நிமிடங்களில் உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் மாறி மாறி ஓடுவதும் அதே நோயின் அறிகுறி.

அடுத்தது வெப்பம். இந்தப் பேட்டரி குளிர்வது கேபின் காற்றால். பின் சீட்டை ஒட்டியோ, அதற்கு மேலே கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டிலோ (மாடலைப் பொறுத்து இடம் மாறும்) ஒரு கிரில் இருக்கும். அதன் வழியாகத்தான் மின்விசிறி காற்றை இழுக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் தூசியும் சீட் துணியிலிருந்து உதிரும் பஞ்சும் விசிறியின் இதழ்களில் சேர்ந்து, நனைத்துக் காயவைத்த கம்பளிபோல் அப்பிக்கொள்ளும். விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், காற்று மட்டும் போகாது. 38, 40 டிகிரி வெயிலில் காற்றுப் போகாத பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். அதிலும் நடுவில் இருக்கும் மாட்யூல்கள்தான் அதிகம் சூடாகி முதலில் போகும்.

கிரில்லை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். விசிறியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் படக்கூடாது. கிரில்லின் மேல் தாம்பூலப் பையோ தலையணையோ வைக்காதீர்கள். செயலியில் பேட்டரி வெப்பம் அடிக்கடி 45 டிகிரியைத் தாண்டினால் விசிறியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மே மாதத்தில் தனியாக ஓட்டினாலும் ஏசியைப் போட்டே ஓட்டுங்கள். அந்தக் குளிர்ச்சி உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் இருக்கும் பேட்டரிக்கும்தான். நிறுத்துமிடம் தகரக் கொட்டகையாக இருந்தால் அதன்மேல் கீற்று வேய்வது நல்ல முதலீடு.

ஊருக்கு வந்த பிறகு பலர் செய்யும் இன்னொரு தவறு, கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் இரண்டு கி.மீ. மட்டுமே ஓட்டுவது. எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் எஞ்சின் ஆயிலில் கலக்கின்றன. அதனால் கி.மீ. கணக்கைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றுங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கைவசம் இல்லை என்று சொல்லும் கடையில் கெட்டியான ஆயிலை ஊற்றிக்கொள்ளாதீர்கள். சுமார் நாலரை லிட்டர் பிடிக்கும். ஐந்து லிட்டர் வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கம்பெனியின் இளஞ்சிவப்பு கூலன்ட் இரண்டு லிட்டர் ஆகியவையும் அதே அலமாரியில் இருக்கட்டும்.

கூலன்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எஞ்சினுக்கு ஒன்று, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனித் தொட்டிகள் உண்டு. இரண்டிலும் கலந்து தயாராக வரும் கூலன்டை மட்டுமே ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும், உள்ளே படிந்துவிடும். பச்சை கூலன்டையும் கலக்கக் கூடாது. வண்டி 'ரெடி' நிலையில் (பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியதும் டேஷ்போர்டில் 'ரெடி' என்று எழுத்து வரும்) இருக்கும்போது இன்வெர்ட்டர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் திரவம் லேசாகச் சுழல்வது தெரிய வேண்டும். அசைவே இல்லையென்றால் பம்ப் நின்றுவிட்டது. இந்தச் சோதனையை வண்டி ஆறியிருக்கும்போது, இன்வெர்ட்டர் தொட்டியில் மட்டும் செய்யுங்கள். சூடான எஞ்சின் தொட்டியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் விற்காதீர்கள். இரண்டு மூன்று தொகுதிகள் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், எச்சரிக்கை விளக்கு வருவதற்கு முன்பே புதிய பேட்டரியின் விலையை எழுத்தில் வாங்கி, வண்டியின் சந்தை மதிப்போடு வைத்துப் பாருங்கள்.

வீடு தேவகோட்டையில், நாங்கள் சென்னையில். பிள்ளையார் நோன்பு, படைப்பு, கல்யாணம் என்று வரும்போது மட்டும் வண்டியை எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் வண்டி செத்துக் கிடக்கிறது. டிக்கிகூடத் திறப்பதில்லை. "ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது" என்கிறார் மெக்கானிக். மற்ற நாட்களில் அப்பச்சி வாரம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் ஆன் செய்து வைக்கிறார். அப்படியும் ஏன் இப்படி?
*தேவகோட்டை வாசகி*

போனது பெரிய பேட்டரி அல்ல. டிக்கியில் இருக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதன் வேலை. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் 'ரெடி' விளக்கு எரியாது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. 11.8க்குக் கீழே போய்ப் பல வாரம் கிடந்த பேட்டரி, சார்ஜ் ஏற்றினாலும் பழையபடி தேறுவது அரிது.

அப்பச்சி பத்து நிமிடம் ஆன் செய்வது நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் விளக்கும் ரேடியோவும் மட்டும் வரும். அந்த நிலையில் சிறிய பேட்டரி இன்னும் இறங்கும், ஏறாது. பிரேக்கை மிதித்து அழுத்தி, 'ரெடி' என்று பச்சை எழுத்து வந்ததை உறுதி செய்ய வேண்டும். பிறகு கியர் 'பி'யில் இருக்கட்டும். 'என்'னில் வைத்தால் எஞ்சின் ஓடினாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இப்படி வைக்கலாம். காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் தானாகவே கிளம்பும். மூடிய ஷெட்டுக்குள் புகை தேங்கினால் உயிருக்கே ஆபத்து. இதைவிடச் சிறந்தது அரை மணி நேரம் ஓட்டுவது. பெரிய பேட்டரியும் தானாகவே மெல்ல இறங்கும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது 30 நிமிடம் அல்லது 16 கி.மீ. வண்டி ஓடியாக வேண்டும். தேவகோட்டை ராம்நகரிலிருந்து காரைக்குடி போய் வந்தாலே தாராளமாகப் போதும்.

ஓட்ட ஆளே இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, ஏஜிஎம் (ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும், மூடிய வகை) பேட்டரிக்கான வசதியுள்ள சிறிய பராமரிப்பு சார்ஜர். 12 வோல்ட் பேட்டரியில் நிரந்தரமாக மாட்டி வைக்கலாம். வீட்டு யூபிஎஸ்ஸின் இணைப்பை எடுத்து இதில் கொடுக்காதீர்கள். டியூபுலர் பேட்டரிக்கான அதன் வோல்டேஜ் ஏஜிஎம் பேட்டரிக்கு அதிகம். இன்னொரு வழி, 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது. கழற்றிய பின் டிக்கியை மூடினால் மின்பூட்டு வேலை செய்யாது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மாடலில் டிக்கியைச் சாவியால் திறக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் கீயை வண்டிக்கு அருகில் மாட்டி வைப்பதும் ஒரு காரணம். முகப்பில் நிற்கும் காருக்கு இரண்டு அடி தள்ளிச் சுவர் ஆணியில் சாவி தொங்கினால், வண்டியும் சாவியும் இரவெல்லாம் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

வண்டி இறந்து கிடக்கும்போது: சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து பானெட்டைத் தூக்குங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடிக்குக் கீழே ஜம்ப் கொடுப்பதற்கென்றே ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். சிவப்பு வயர் அதில், கறுப்பு வயர் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில். வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் பெரிய ஃபியூஸோடு இன்வெர்ட்டரும் போகலாம், ஆகவே இரண்டு முறை பாருங்கள். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து மற்ற வண்டிக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது.

புது 12 வோல்ட் பேட்டரி வாங்கும்போது, வாயு வெளியேறும் குழாய் மாட்டுகிற ஏஜிஎம் வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் இருக்கிற சாதாரண ஆசிட் பேட்டரியை டிக்கிக்குள் வைத்தால் ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் நீங்கள் உட்காரும் இடத்துக்கே வரும்.

வண்டி நிற்கும் பின்கட்டில் எலித் தொல்லை. பானெட்டுக்குள் வேப்பங்கொட்டையும் துணிக் கந்தலும் கிடந்தன. ஹைபிரிட்டில் எலி கடித்தால் ஷாக் அடிக்குமா?
*பள்ளத்தூர் வாசகர்*

உயர் மின்அழுத்த வயர்கள் ஆரஞ்சு நிறத்தில், தடித்த உறையோடு இருக்கும். அவற்றில் கசிவு ஏற்பட்டாலே கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எச்சரிக்கை கொடுத்துவிடும். ஆனால் ஆரஞ்சு வயரில் பல் தடம் தெரிந்தால் தொட வேண்டாம், வண்டியை ஆன் செய்யவும் வேண்டாம். டேப் சுற்றிச் சமாளிக்கிற இடமல்ல அது.

எலி பெரும்பாலும் கடிப்பது மெல்லிய சென்சார் வயர்களை. கூடு கட்டுவதற்கு அதற்குப் பிடித்த இடங்கள் ஏர் ஃபில்டர் பெட்டி, கேபின் ஃபில்டர் குழாய், சில வண்டிகளில் பேட்டரி விசிறியின் குழாய். கடைசியில் சொன்னதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அங்கே கூடு இருந்தால் பேட்டரி சூடாகும். கேபின் ஃபில்டருக்குக் காற்று நுழையும் வாயிலில் 6 எம்எம் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை வெட்டி வைத்துக் கட்டுங்கள். பேட்டரி கிரில்லுக்கு வலை வேண்டாம், காற்று குறையும். கதவுகளும் டிக்கியும் இடுக்கில்லாமல் மூடியிருந்தாலே போதும்.

நெல் மூட்டை, கடலை மூட்டை, கோழித் தீவனம் இருக்கும் அறையில் வண்டியை நிறுத்தாதீர்கள். இரவில் பானெட்டைத் திறந்துவைத்து மேலே ஒரு விளக்கைப் போடுவது பல வீடுகளில் பலன் தருகிறது. புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் சில நாள்தான். விஷம் வைத்தால் அது டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்து, எடுக்க முடியாத நாற்றத்தில் முடியும். எலிப்பொறியே மேல்.

சிவப்பு முக்கோண விளக்கு வந்தது. பி0ஏ80 என்ற கோடு காட்டுகிறது என்று சொல்லிப் பேட்டரி முழுவதையும் மாற்றச் சொன்னது ஒரு பட்டறை. இன்னொரு இடத்தில் "ஒரே ஒரு மாட்யூலை மாற்றினால் போதும், பத்தில் ஒரு பங்கு செலவு" என்கிறார்கள். யாரை நம்புவது?
*காரைக்குடி வாசகர்*

இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பி0ஏ80 என்பது தொகுதிகளுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்வது. எந்தத் தொகுதி, எவ்வளவு வித்தியாசம் என்ற விவரமும் அதோடு பதிவாகியிருக்கும். அதைக் காட்டாமல் பேட்டரி விலையை மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணம், மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சையாகப் பூஞ்சணம் பூத்து, சென்சார் வயரின் முனை அரித்திருந்தாலும் இதே மாதிரி தவறான அளவு காட்டும். பட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டுகளை டார்க் ரெஞ்சால் உரிய அளவில் முறுக்கினாலே சில வண்டிகள் தேறிவிடும். அளவில்லாமல் முறுக்கினால் மாட்யூலின் பிளாஸ்டிக்கில் பதிந்த திருகு உடையும்.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றுவது எங்கள் பார்வையில் வீண்செலவு. மற்ற 33க்கும் அதே வயது. பழைய வண்டியிலிருந்து எடுத்த ஒன்றைப் போட்டால் அதன் கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாது. சில மாதத்தில் அடுத்தது விழும். ஒவ்வொரு முறையும் 90 கி.மீ. வண்டியை ஏற்றிக்கொண்டு போகிற ஊரில் இருந்துகொண்டு இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நகரத்தில் பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

பேட்டரி முழுவதையும் பிரித்துச் சீரமைத்துத் தருகிறோம் என்று சொல்பவரிடம் இவற்றைக் கேளுங்கள். 34 மாட்யூல்களையும் சார்ஜ் ஏற்றி இறக்கிக் கொள்ளளவை அளந்தீர்களா? புதிதில் அது 6,500 மில்லி ஆம்பியர் மணி. 4,000க்குக் கீழே இருப்பதை உள்ளே விட்டிருந்தால் அந்த வேலை நிற்காது. அளந்த எண்களை மாட்யூல் வாரியாக எழுதித் தருவீர்களா? சார்ஜ் ஏற்றும்போது மாட்யூல்களைச் சட்டத்தில் இறுக்கி வைத்தீர்களா? இறுக்காமல் ஏற்றினால் அவை பக்கவாட்டில் உப்பிவிடும், பிறகு உள்ளே தட்டுகள் விலகும். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்களா? பேட்டரி சூடானதற்கான காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரியே போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் போகும். கடைசியாக, உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் வண்டியைக் கொண்டுவரும் செலவு யாருடையது?

லித்தியம் மாட்யூல்களைப் பொருத்தித் தருவதாகவும் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் நிக்கல் பேட்டரிக்காக எழுதப்பட்டது. தனிப் பாதுகாப்பு மின்சுற்று இல்லாமல் லித்தியத்தை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

இந்த வேலையை வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். பயிற்சி பெற்றவரே ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்கள் இறங்குவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் கையுறையோடுதான் மூடியைத் திறக்கிறார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மாட்யூல்களுக்குள் மின்சாரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்கான உத்தரவாதத்தை 2021இல் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று நீட்டித்தது. உங்கள் வண்டி அதற்குள் வருமென்றால் சர்வீஸ் ரசீதுகளோடு முதலில் அங்கே போங்கள்.

காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறதே, பேட்டரியை அங்கே கொடுத்துச் சரிபார்க்க முடியாதா?
*கோட்டையூர் வாசகர்*

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953 ஜனவரியில் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முன்னணி இடங்களில் ஒன்று நம் ஊரில் இருப்பது பெருமைதான். ஆனால் அது ஆய்வுக்கூடம். தனியார் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அல்ல.

ஏசி குளிரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேஸ் நிரப்பிக்கொள்ளலாமா?
*ஆத்தங்குடி வாசகி*

நிரப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஆயில் விடுகிறீர்கள்? சாதாரணக் கார்களின் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடும், அதற்கு 'பேக்' வகை ஆயில். உங்கள் ஹைபிரிட்டின் கம்ப்ரஸருக்குள் உயர் மின்அழுத்த மோட்டாரே ஆயிலில் மூழ்கியபடி சுற்றுகிறது. அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத என்டி-11 ஆயில்தான் போட வேண்டும். 'பேக்' ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும், பி0ஏஏ6 என்ற கோடு வந்து வண்டியே 'ரெடி' ஆக மறுக்கலாம். சுத்தம் செய்து மீட்பதும் கடினம், பெரும்பாலும் கம்ப்ரஸரோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். மற்ற வண்டிகளுக்குப் பயன்படுத்திய மெஷினின் குழாயில் மிச்சம் இருக்கும் ஆயிலே இந்தக் கேட்டுக்குப் போதும். என்டி-11ஐத் தனியாக வைத்திருக்கும் பட்டறையில் மட்டும் செய்யுங்கள். முதலில் வண்டியின் முன்பக்கம் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கேபின் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். செம்மண் அடைப்பாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

என்னுடையது 2016 சியாஸ் எஸ்எச்விஎஸ். இதுவும் ஹைபிரிட்தானே, இதே கவலை எல்லாம் எனக்கும் உண்டா?
*புதுவயல் வாசகர்*

இல்லை. உங்களுடையது மைல்ட் ஹைபிரிட். 12 வோல்டுக்கு மேல் எதுவும் இல்லை, மோட்டார் தனியாக வண்டியை ஓட்டுவதும் இல்லை. பானெட்டுக்குள் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியை மாற்றும்போது கம்பெனி குறிப்பிட்ட வகையையே போடுங்கள். அளவு பொருந்துகிறது என்று சாதாரண வகையைப் போட்டால், அடிக்கடி எஞ்சினை நிறுத்திக் கிளப்புவதை அது தாங்காது. ஜெனரேட்டரே ஸ்டார்டராகவும் வேலை செய்வதால் அதன் பெல்ட் அதிகம் இழுபடும். சர்வீஸின்போது வெடிப்பு, தளர்வு பார்க்கச் சொல்லுங்கள். 2018 முதல் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் சியாஸில் மட்டும் முன் சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய லித்தியம் பேட்டரியும் உண்டு. அந்த வண்டியின் தரையில் மழைநீர் தேங்க விடக்கூடாது.

காலையில் கதவைத் திறந்ததும் 'உர்' என்று ஒரு சத்தம். ஓட்டும்போதும் அது அடிக்கடி வருகிறது. பின் டிஸ்க்குகள் துருவேறியிருக்கின்றன.
*கொத்தமங்கலம் வாசகர்*

கதவைத் திறந்ததும் வரும் சத்தம் இயல்பு. பிரேக் பம்ப் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் வண்டி நின்றிருக்கும்போது பிரேக்கைத் தொடாமலே அரை நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அந்த உறுப்பு விலை அதிகம், பிரேக் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

துருவுக்குக் காரணம், ஹைபிரிட்டில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் டிஸ்க்கை உரசுவதே குறைவு. முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் கியரை 'என்'னுக்கு மாற்றி, பிரேக்கை உறுதியாக ஐந்தாறு முறை மிதியுங்கள். 'என்'னில் மோட்டார் உதவாது, பேட் மட்டுமே பிடிக்கும், மேலாகப் படிந்த துரு போய்விடும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதில் காற்றை எடுப்பதற்கு ஸ்கேன் கருவி வேண்டும். சாலையோரப் பட்டறையில் பெடலை மிதித்து மிதித்து எடுக்கிற பழைய முறை இதற்குச் சரிவராது.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து சாலையில் தண்ணீர் ஓடும்போது போகலாமா? வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?
*ராயவரம் வாசகர்*

தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொடும் அளவு என்றால் திரும்பிவிடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்ட வண்டியை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்க்கிற பழக்கம் ஹைபிரிட்டுக்கு ஆகாது. 12 வோல்ட் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஆளை வரவழையுங்கள்.

முன் சக்கரங்கள் தரையில் உருள வண்டியை இழுக்கவே கூடாது. சக்கரம் சுற்றினால் உள்ளே மோட்டாரும் சுற்றி மின்சாரம் உற்பத்தியாகும், பழுதோடு தீ ஆபத்தும் உண்டு. நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான வண்டியில்தான் ஏற்ற வேண்டும். ஆபத்தான இடத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்த மட்டும் 30 கி.மீ.க்குக் குறைவான வேகத்தில் சில நூறு மீட்டர் இழுக்கலாம். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, தட்டை வண்டியில் எத்தனை கி.மீ. வரை இலவசமாக ஏற்றிச் செல்வார்கள் என்று கேளுங்கள். பல திட்டங்களின் தூர வரம்பு, இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகப் போதாது.

பெட்ரோல் தீர்ந்த பிறகு, பேட்டரியில் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டாதீர்கள். பெரிய பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் எஞ்சினைக் கிளப்பவும் வழியில்லை, வீட்டில் சார்ஜ் ஏற்றவும் முடியாது.

கர்நாடகப் பதிவு எண்ணோடு வந்திருக்கிறேன். எப்போது மாற்ற வேண்டும்? 15 வருடம் ஆனால் வண்டி அவ்வளவுதானா?
*கண்டனூர் வாசகர்*

வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். முதலில் பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று, பிறகு இங்கே படிவம் 27. இங்கே வண்டியின் வயதுக்கேற்பச் சாலை வரி கட்டிய ரசீதை வைத்து, கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்த விண்ணப்பத்தைப் பலர் போடாமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாக இருந்து முகவரி மட்டும் மாறியிருந்தால் படிவம் 33, 30 நாளுக்குள்.

15 ஆண்டு முடிந்தால் வண்டியை உடைக்க வேண்டும் என்பது இங்கே இல்லை. பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டினால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரியும் உண்டு. சோதனைக்குப் போகும் நாளில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக்கூடாது, புகைச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். சோதனைக்கு முன் 30, 40 கி.மீ. ஓட்டிச் சூடாகக் கொண்டுபோங்கள். எஞ்சினை ஆய்வாளர் எதிரில் ஓட விட்டுக் காட்ட, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் குறித்த வரிசையில் மிதித்து எஞ்சினை நிற்காமல் ஓடவைக்கும் பராமரிப்பு முறை ஒன்று டொயோட்டா ஹைபிரிட்களில் இருக்கிறது. அந்த வரிசை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் வண்டிக்கானதைச் சர்வீஸ் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.